கணினி வரைந்த உலகம் – 6: கட்டுண்ட கோடுகள்

1959 பிப்ரவரியில் எம்.ஐ.டி.யில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் ஓர் அலுமினிய ஆஷ்டிரேயை நினைவுப் பரிசாகக் கொடுத்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். டக்ளஸ் ராஸ் குழுவினர் உருவாக்கிய ஏ.பி.டி. மொழியில் எழுதிய கட்டளைகளின்படி மில்லிங் எந்திரம் வெட்டித் தந்த ஆஷ்டிரே அது. எந்திரத்துக்கு உத்தரவு போட முடியும் என்பது அன்று ஊரறிய உறுதியாயிற்று. ஆனால் அந்த உத்தரவைச் சொல் சொல்லாக எழுத வேண்டியிருந்தது. இது ஒரு புள்ளி, இது அதன் வழியே போகும் கோடு, இது அந்தக் கோட்டைத் தொடும் வட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து வரிசையாக எழுதினால்தான் எந்திரத்துக்குப் புரியும். பொறியாளரோ பலகையில் டி-ஸ்கொயரை வைத்துக் கோடு இழுத்து யோசிக்கிறவர். அவர் போட்ட டிராயிங்கை இன்னொருவர் பார்த்து, எழுத்தாக மாற்றி, எந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். இடையில் ஒரு எண் தவறினால் உலோகம் பாழ்.

படம் வரைவதும் கணினிக்குச் சொல்வதும் ஒரே வேலையாக ஆகவேண்டும். இந்த அத்தியாயம் அது நடந்த கதை.

இன்று பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேர்ந்த மாணவி ஒருவர் ஃப்ரீகேடையோ சாலிட்வொர்க்ஸையோ முதன்முதலாகத் திறந்து ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது ஐந்தாறு வேலைகள்தான். ஸ்கெட்ச் போடுகிறார். கோடுகளுக்கு கன்ஸ்ட்ரெயின்ட் கொடுக்கிறார். அளவு எழுதுகிறார். தடிமன் கொடுத்து அதைத் திடப்பொருளாக எழுப்புகிறார். துளை வெட்டுகிறார். கடைசியில் விளிம்பை ஃபில்லெட் போட்டு மழுக்குகிறார். எல்லாம் ஒரே மென்பொருளின் பட்டன்களாகத் தெரிவதால் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை என்று தோன்றும். உண்மையில் இவை மூன்று ஊர்களில் மூன்று காலங்களில் பிறந்தவை. அந்த வரிசை தெரிந்தால், எந்தப் பட்டனை ஏன் அழுத்துகிறோம் என்பது தன்னால் விளங்கும்.

*

ஐவன் சதர்லண்ட் 1938-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா சிவில் எஞ்சினியர், அம்மா கணக்கு ஆசிரியை. வீட்டில் கட்டடப் படங்களுக்கும் கணக்குக்கும் பஞ்சமில்லை. பள்ளியில் படிக்கும்போதே எட்மண்ட் பெர்க்லி வடிவமைத்த சைமன் என்ற சிறு ரிலே கணினியில் வேலை செய்து, வகுத்தல் செய்யும் நிரல் ஒன்றை எழுதினார். தனியாளாகக் கணினி முன் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டும் அனுபவம் அந்தத் தலைமுறையில் மிகச் சிலருக்கே கிடைத்தது. சதர்லண்டுக்கு அது பள்ளிப் பருவத்திலேயே வாய்த்தது.

எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது டி.எக்ஸ்-2. மாசசூசெட்ஸில் லெக்சிங்டனிலுள்ள லிங்கன் ஆய்வகத்தில் வெஸ்லி கிளார்க் வடிவமைத்து, 1958-ல் இயங்கத் தொடங்கிய கணினி. பெரும்பாலான இடங்களில் நிரலைத் துளை அட்டையில் அடித்து ஜன்னலில் கொடுத்துவிட்டு, விடைக்கு மறுநாள் வரை காத்திருந்த காலம். டி.எக்ஸ்-2-ஓ ஒருவர் எதிரே உட்கார்ந்து, அந்த நொடியே கேட்டு அந்த நொடியே பதில் வாங்கும்படி அமைந்திருந்தது. அதன் நினைவகம் 36 பிட் கொண்ட 65,536 சொற்கள். இன்றைய கணக்கில் சுமார் 300 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே போதாது. ஆனால் அதில் 7 அங்குலச் சதுரத் திரை ஒன்று இருந்தது, அதோடு ஒரு லைட் பென்னும்.

பெயரைப் பார்த்து, அந்தப் பேனா ஒளியை வீசும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒளியைப் பார்க்கும் பேனா. திரையில் கணினி ஒவ்வொரு புள்ளியாக மின்னச் செய்துகொண்டே போகும். பேனாவின் முனைக்கு நேரே ஒரு புள்ளி மின்னியதும் பேனா 'பார்த்தேன்' என்று கணினிக்குத் தெரிவிக்கும். அந்த நொடியில் தான் மின்னவைத்தது எந்தப் புள்ளி என்று கணினிக்குத் தெரியும். எனவே பேனா எங்கே இருக்கிறது என்றும் தெரியும். திரையில் ஒரு சிறு சிலுவைக்குறியைக் காட்டி, பேனா நகர நகர அதைப் பின்தொடர வைத்தார்கள். ஒரு கையில் பேனா. மறு கை பட்டன் பெட்டியின் மேல். 'வரை' என்ற பட்டனை அழுத்திப் பேனாவை நகர்த்தினால், தொடங்கிய இடத்திலிருந்து பேனா முனை வரை ஒரு நேர்கோடு ரப்பர் பேண்டைப்போல் நீண்டுகொண்டே வரும். திரைக்குக் கீழே இருந்த நான்கு குமிழ்களைத் திருகிப் படத்தைப் பெரிதாக்கலாம், சுழற்றலாம். இன்றைக்கு மவுஸால் நாம் செய்கிற வேலைகளில் பாதி இதிலேயே வந்துவிட்டது.

1963 ஜனவரியில் சதர்லண்ட் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இந்த நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். அப்போது அவருக்கு வயது 24. வழிகாட்டி, தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். ஆய்வேட்டுக் குழுவில் மார்வின் மின்ஸ்கியும், இயந்திரப் பொறியியல் துறையின் ஸ்டீவன் கூன்ஸும் இருந்தார்கள். கணினியைக் கொண்டு வடிவமைப்பது என்ற எண்ணத்தை எம்.ஐ.டி.யில் விடாமல் பேசிக்கொண்டிருந்தவர் கூன்ஸ்.

ஸ்கெட்ச்பேடைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேனாவோடு நின்றுவிடுகிறார்கள். திரையில் படம் வரைந்த முதல் மனிதர் என்று பாராட்டி முடிக்கிறார்கள். என் கணிப்பில் பேனா அந்தக் கதையின் சிறிய பாதி. பெரிய பாதி, வரைந்த கோட்டை சதர்லண்ட் என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே அவர் காட்டும் உதாரணத்தை இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

ஓர் அறுகோணம் வேண்டும். திரையில் கோணல்மாணலாக ஆறு பக்க உருவம் ஒன்றை வரைகிறார். பக்கங்கள் ஆளுக்கொரு நீளம், எதுவும் ஒழுங்கில்லை. அடுத்து ஒரு வட்டம் போடுகிறார். உருவத்தின் ஆறு முனைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, 'நீ இந்த வட்டத்தின் மேல் இரு' என்று சொல்கிறார். பிறகு 'ஆறு பக்கமும் சமமாக இரு' என்கிறார். எந்த முனை எங்கே போக வேண்டும் என்று எண் எதுவும் கொடுக்கவில்லை. கணினி முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. கண்ணெதிரே அந்தக் கோணல் உருவம் அசைந்து அசைந்து, துல்லியமான ஒழுங்கு அறுகோணமாக வந்து நிற்கிறது. வட்டத்தை அழித்துவிடுகிறார். அதன் வேலை முடிந்தது.

உள்ளே நடந்தது இதுதான். ஒவ்வொரு நிபந்தனையும் எவ்வளவு மீறப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பிழை எண்ணாகக் கணக்கிடுகிறது நிரல். ஒவ்வொரு புள்ளியையும் அந்த மொத்தப் பிழை குறையும் பக்கமாகச் சிறிது தள்ளுகிறது. மறுபடி கணக்கிடுகிறது, மறுபடி தள்ளுகிறது. பிழை மறையும் வரை இது நடக்கும். இது மெதுவான வழி என்பதால், எந்தப் புள்ளியை எதற்கு முன் தீர்க்கலாம் என்று வரிசை கண்டுபிடித்து ஒரே வீச்சில் முடிக்கும் குறுக்கு வழியையும் சதர்லண்ட் எழுதி வைத்திருந்தார். வரிசை கிடைக்காத இடத்தில்தான் பழைய தள்ளும் முறை.

அதோடு அவர் நிற்கவில்லை. அந்த அறுகோணத்தை மூலமாக வைத்து அதன் நகல்களை ஒன்றோடொன்று ஒட்டித் தேன்கூட்டு வடிவமாகத் திரையை நிரப்பினார். பின்பு மூலத்துக்குப் போய் அதன் பக்கங்களை வளைவுகளாக மாற்றினார். அத்தனை நகல்களும் உடனே மாறின. தேன்கூடு மீன் செதிலாயிற்று. பாலத்தின் படம் ஒன்றையும் வரைந்து, பாரம் ஏற்றும்போது எந்தச் சட்டத்தில் எவ்வளவு விசை விழுகிறது என்று திரையிலேயே எண்களைக் காட்டவைத்தார். விசைக் கணக்கையும் நிபந்தனைகளாகவே எழுதியிருந்தார்.

காகிதத்தில் ஒரு கோடு இருக்கும் இடம்தான் அந்தக் கோடு. ஸ்கெட்ச்பேடில் கோடு என்பது எதற்கு இணையாக, எதற்குச் சமமாக, எதில் ஒட்டியிருக்கிறது என்ற உறவு. இடம் அந்த உறவிலிருந்து பிறப்பது. இதைத்தான் இன்றைய மாணவர்கள் கன்ஸ்ட்ரெயின்ட் என்கிறார்கள். நான் கட்டு என்று எழுதப்போகிறேன்.

*

இந்தக் கட்டை ஒரு சிறு பலகையில் போட்டுப் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம், நான்கு மூலைகளிலும் எம்-6 போல்ட்டுக்கான துளை.

முதலில் செவ்வகம். நான்கு கோடுகள். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை. ஒரு முனைக்கு இடவலம், மேல்கீழ் என இரண்டு எண். ஆக ஒரு கோட்டுக்கு 4, நான்கு கோட்டுக்கு 16. அதாவது கட்டே போடாவிட்டால் இந்த உருவம் 16 விதத்தில் அலையலாம். மூலைகளை ஒட்டுகிறோம், ஒரு மூலைக்கு 2 வீதம் 8 போயிற்று. இரண்டு கோடு படுக்கை, இரண்டு கோடு செங்குத்து என்று சொன்னால் இன்னொரு 4 போகும். மீதி 4. ஃப்ரீகேடில் செவ்வகக் கருவியை எடுத்து இழுத்தால் இதுவரை உள்ள கட்டுகளை அதுவே போட்டுவிடும். இன்னும் 4 மீதி என்று ஓரத்தில் காட்டும். இடது கீழ் மூலையை ஆதிப்புள்ளியில் பொருத்தினால் 2 போகும். அகலம் 80 என்றதும் 1, உயரம் 50 என்றதும் 1. மீதி பூஜ்யம். ஸ்கெட்ச் பச்சை நிறத்துக்கு மாறும். சாலிட்வொர்க்ஸாக இருந்தால் நீலம் கறுப்பாக மாறும். இனி அந்த உருவத்தை எவ்வளவு இழுத்தாலும் அசையாது.

இதற்கு மேல் மூலைவிட்டம் 94.34 என்று ஓர் அளவு கூடுதலாகக் கொடுத்தால் மென்பொருள் எதிர்ப்புத் தெரிவிக்கும். அளவு சரிதான். ஆனால் ஏற்கெனவே உள்ள இரண்டு அளவிலிருந்து அது தானே பிறக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்தச் சிவப்பு எச்சரிக்கையைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லியிருக்கிறோம். ஒன்றை எடுத்தால் போதும்.

இப்போது துளைகள். வலது பக்கத் துளையின் மையத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். இடது ஓரத்திலிருந்து 70 என்று எழுதலாம். வலது ஓரத்திலிருந்து 10 என்றும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் ஒரு துளி வித்தியாசம் கிடையாது. அச்சடித்துக் கொடுத்தாலும் லேத் பட்டறைக்காரருக்கு ஒன்றுதான். அடுத்த வாரம் வாடிக்கையாளர் பலகை அகலம் 100 வேண்டும் என்கிறார். 80-ஐ 100 ஆக்குகிறோம். வலது ஓரத்திலிருந்து 10 என்று கட்டிய துளை, ஓரத்தோடு சேர்ந்து போய் 90-ல் நிற்கும். இடது ஓரத்திலிருந்து 70 என்று கட்டிய துளை 70-லேயே நிற்கும்; வலது ஓரத்திலிருந்து 30 மில்லிமீட்டர் உள்ளே. முதல் துளை சரியா, இரண்டாவது சரியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. பலகையின் பின்னால் உள்ள சட்டத்தில் துளைகள் ஏற்கெனவே 70-ல் போடப்பட்டிருந்தால் இரண்டாவதுதான் சரி. துளை ஓரத்திலிருந்து எப்போதும் அதே தூரத்தில் இருக்க வேண்டும் என்றால் முதலாவது சரி. இதைத் தீர்மானிப்பது வரைகிறவரின் வேலை. புதிதாக வருபவர்களுக்குப் பட்டன்களை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எதை எதோடு கட்டுகிறோம், நாளை எது மாறும் என்று கேட்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

*

இவ்வளவு வலிமையான எண்ணம் 1963-லேயே வந்தும், அடுத்த இருபது ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்குள் நுழையவில்லை. காரணம் எளிது. டி.எக்ஸ்-2 உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஒரு ஆளுக்காக ஒரு முழுக் கணினியை ஒதுக்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. 1969-ல் தொடங்கிய கம்ப்யூட்டர்விஷன் போன்ற நிறுவனங்கள் விற்ற கருவிகள் வரைபலகையைத் திரைக்கு மாற்றின. 1982-ல் ஜான் வாக்கரும் நண்பர்களும் தொடங்கிய ஆட்டோடெஸ்க், ஆட்டோகேடை சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டரில் ஓடவிட்டது. சின்னஞ்சிறு வரைபட அலுவலகமும் கணினிக்கு மாறியது அதனால்தான். அந்தப் பெருமை அதற்கு உரியது. ஆனால் அந்த ஆட்டோகேடில் கோடு மறுபடியும் வெறும் இடமாகிவிட்டது. சதர்லண்ட் காட்டிய இணை, சமம் முதலான கட்டுகள் ஆட்டோகேடுக்குள் வந்தது 2009-ல் வெளியான 2010 பதிப்பில். ஆய்வேட்டுக்கும் அதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

இடையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்கெட்ச்பேடின் உலகம் தட்டை. 1963-லேயே எம்.ஐ.டி.யின் திமோத்தி ஜான்சன் ஸ்கெட்ச்பேட்-3 என்ற பெயரில் அதை மூன்று பரிமாணத்துக்கு நீட்டினார். திரையை நான்காகப் பிரித்து மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம், கண்ணுக்குத் தெரிகிற கோணத் தோற்றம் என்று காட்டினார். ஒன்றில் வரைந்தால் மற்ற மூன்றிலும் மாறும். ஆனால் அது கம்பிக்கூடு. விளிம்புகள் மட்டுமே உண்டு. இரண்டு விளிம்புக்கு நடுவே உலோகம் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கணினிக்குத் தெரியாது. பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டியைக் கம்பியாக வரைந்து மூலைகளை இணைத்தால், எந்தத் திசையில் சுரங்கம் போகிறது என்று பார்ப்பவராலும் சொல்ல முடியாது. எடை கேட்டால் பதில் வராது. எந்திரத்தில் வெட்டச் சொன்னால் உளி எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது.

*

அடுத்த ஊர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். எம்.ஐ.டி.யில் இருந்துவிட்டு 1965-ல் திரும்பிய சார்ல்ஸ் லாங், அங்கே கணினி ஆய்வகத்தில் வடிவமைப்புக் குழு ஒன்றைக் கட்டினார். அந்தக் குழுவில் இயன் பிரெய்டு என்ற மாணவர், கோட்டிலிருந்து தொடங்காமல் கனஅளவிலிருந்து தொடங்கினார். கட்டை, ஆப்பு, உருளை போன்ற சில அடிப்படைத் திடப்பொருள்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம். கட்டையிலிருந்து உருளையைக் கழித்தால் துளை. அவருடைய நிரலின் பெயர் பில்ட். 1973-ல் புடாபெஸ்டில் நடந்த ப்ரோலமாட் மாநாட்டில் பிரெய்டின் பில்டும், ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் நோரியோ ஒகினோ உருவாக்கிய டிப்ஸ்-1 நிரலும் ஒரே மேடைக்கு வந்தன. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்ப் வோல்கரும் அரி ரெக்கிச்சாவும் இதே கேள்வியைக் கணிதப் பக்கமிருந்து துளைத்துக்கொண்டிருந்தார்கள். காலம் கனிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சேர்ப்பதும் கழிப்பதும் சொல்ல எளிது. கழித்த பின் மிஞ்சுவது உண்மையிலேயே மூடிய திடப்பொருள்தானா, எங்காவது ஓட்டை விழுந்த தோலாகிவிட்டதா என்று கணினி எப்படி உறுதிசெய்யும்? இங்கே உதவிக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் ஆய்லர். ஒரு கனசதுரத்துக்கு மூலைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. எட்டிலிருந்து பன்னிரண்டைக் கழித்து ஆறைக் கூட்டினால் 2. துளையில்லாத எந்தப் பட்டைப் பொருளிலும் இந்த 2 மாறாது.

இப்போது கனசதுரத்தின் மேல்முகத்திலிருந்து கீழ்முகம் வரை ஒரு சதுரத் துளை போடுங்கள். மூலைகள் 16. விளிம்புகள் 24. வெளி முகங்கள் 6, துளையின் உட்சுவர்கள் 4, ஆக 10. 16 – 24 + 10 மறுபடியும் 2. ஆனால் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் உள்ளே ஒரு வளையம் உருவாகியிருக்கிறது. அந்த இரண்டு வளையத்தைக் கழித்தால் 0. ஊடுருவும் துளை ஒன்று இருந்தால் விடை 0 ஆக வேண்டும் என்பதே விதி. ஒவ்வொரு துளைக்கும் 2 குறையும். பொருளைத் திருத்தும் ஒவ்வொரு நடவடிக்கையும் இந்தக் கணக்கை மீறாதபடி அமைத்துக்கொண்டால், கழித்துக் கழித்து எவ்வளவு சிக்கலான பார்ட் வந்தாலும் அது எண்ணிக்கைக்கு அடங்கியே இருக்கும். மாணவி 'பாக்கெட்' பட்டனை அழுத்தித் துளை வெட்டும்போது திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

பிரெய்டு, லாங், ஆலன் கிரேயர், பீட்டர் வீன்மன் நால்வரும் 1974-ல் ஷேப் டேட்டா என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1978-ல் ரோமுலஸ், பின்னர் அதன் வாரிசாக பாராசாலிட். மென்பொருளின் முகப்பு எதுவாக இருந்தாலும் உள்ளே உட்கார்ந்து சேர்த்தல் கழித்தலைச் செய்யும் கர்னல் இது. இன்று சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ், ஆன்ஷேப் ஆகிய நான்கின் உள்ளேயும் இருப்பது பாராசாலிட்தான். 1981-ல் ஷேப் டேட்டாவை வாங்கியது எவன்ஸ் அண்டு சதர்லண்ட் என்ற நிறுவனம். அந்தப் பெயரில் உள்ள சதர்லண்ட், நம் ஐவன் சதர்லண்டேதான். டேவிட் எவன்ஸோடு சேர்ந்து 1968-ல் யூட்டாவில் அவர் தொடங்கிய நிறுவனம் அது.

*

ஆக 1980-களின் தொடக்கத்தில் ஒரு பக்கம் கட்டுகள் தெரிந்த தட்டைக் கோடு. இன்னொரு பக்கம் கனம் தெரிந்த திடப்பொருள். இரண்டும் சந்திக்கவில்லை. திடப்பொருளைக் கட்டி முடித்த பிறகு அகலத்தை 80-லிருந்து 100 ஆக்கச் சொன்னால், பல இடங்களில் முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். எம்.ஐ.டி.யில் ராபர்ட் லைட்டும் டேவிட் கோஸார்டும் அளவை மாற்றினால் வடிவம் மாறும் கணிதத்தை 1982-ல் வெளியிட்டிருந்தார்கள். அதைப் பட்டறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் லெனின்கிராடிலிருந்து வந்த கணிதப் பேராசிரியர்.

சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1974-ல் சோவியத் நாட்டைவிட்டு அமெரிக்காவில் குடியேறினார். கம்ப்யூட்டர்விஷன், அப்ளிகான் நிறுவனங்களில் வேலை பார்த்தார். வடிவத்தை மாற்றுவதற்கான செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாக வேண்டும். அப்போதுதான் பொறியாளர் நாலு விதமாக யோசித்துப் பார்க்கத் துணிவார் என்பது அவருடைய நம்பிக்கை. 1985-ல் பாராமெட்ரிக் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1980-களின் பிற்பகுதியில் ப்ரோ/எஞ்சினியரை வெளியிட்டார். அதில் திடப்பொருள் ஒரு முடிந்த சிலையாக இருக்கவில்லை. அது பிறந்த வரிசையே சேமிக்கப்பட்டது: இந்த ஸ்கெட்ச், இவ்வளவு தடிமன், இந்த முகத்தில் இந்தத் துளை, இந்த விளிம்பில் இவ்வளவு ஃபில்லெட். எந்த அளவை மாற்றினாலும் அந்த வரிசை முதலிலிருந்து தானாக ஓடிப் புதிய பொருளைக் கட்டும். அதிலிருந்து எடுத்த டிராயிங்கும் சேர்ந்து மாறும். இன்று எந்தப் பாராமெட்ரிக் மென்பொருளைத் திறந்தாலும் இடது ஓரத்தில் தொங்கும் அந்தப் பட்டியல் மரம் இவருடைய சொத்து. பழைய முதலாளியான கம்ப்யூட்டர்விஷனையே 1998-ல் பாராமெட்ரிக் டெக்னாலஜி வாங்கிவிட்டது.

ப்ரோ/எஞ்சினியர் விலையுயர்ந்த யூனிக்ஸ் பணிநிலையங்களில் ஓடியது. பெரிய கம்பெனிகளுக்கே எட்டும். ஜான் ஹிர்ஷ்டிக் 1993 இறுதியில் தொடங்கிய சாலிட்வொர்க்ஸ், 1995 நவம்பரில் அதே வழிமுறையை விண்டோஸ் கணினியில் 3,995 டாலருக்குக் கொடுத்தது. கட்டுகளை அவிழ்த்துத் தீர்க்கும் வேலைக்கு, கேம்பிரிட்ஜில் 1989-ல் ஜான் ஓவன் தொடங்கிய டி-கியூப்ட் நிறுவனத்தின் தீர்ப்பான் பல மென்பொருள்களுக்குள் போயிற்று. 1963-ல் சதர்லண்ட் தேடிய அந்தக் குறுக்கு வரிசையை டி-கியூப்ட் இயற்கணிதத்தால் முறைப்படுத்தியது. சாலிட்வொர்க்ஸை 1997-ல் பிரான்ஸின் தாஸோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதற்குமேல் நடந்தவை பெரும்பாலும் வியாபாரக் கதை. அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

*

வரிசையை நினைவில் வைக்கும் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்காமல் தப்பியவர் யாருமில்லை. புதிதாக வருபவர்கள் மனம் உடைவதும் இங்கேதான்.

நம் பலகைக்கு 10 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்து எழுப்பிவிட்டோம் என்று வையுங்கள். துளை இன்னும் போடவில்லை, முகங்கள் 6. மேல்முகத்தைத் தொட்டு, அதன் மேல் ஒரு வட்டம் வரைந்து, சின்ன உருளை மேடு ஒன்றை எழுப்புகிறோம். கணினி எழுதிக்கொள்வது: 'ஆறாம் முகத்தின் மேல் ஒரு வட்டம்.' பிறகு முதல் ஸ்கெட்சுக்குத் திரும்பிப் போய், ஒரு பக்கத்தில் செவ்வகமாக ஒரு வெட்டு வைக்கிறோம். நான்கு பக்கச் சுவர்கள் இப்போது எட்டாகிவிட்டன. மொத்த முகங்கள் 10. வரிசை முதலிலிருந்து ஓடுகிறது. கர்னல் முகங்களைப் புதிதாக எண்ணுகிறது. பழைய ஆறாம் எண் இப்போது ஒரு பக்கச் சுவருக்குப் போயிருக்கலாம். உருளை மேடு பலகையின் மேல் நிற்பதை விட்டுவிட்டு விலா எலும்பிலிருந்து முளைத்துக்கொண்டு நிற்கும்.

முகத்துக்கு நிலையான அடையாளம் வேண்டும். ஆனால் முகம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. இடவியல் பெயர்ச் சிக்கல் என்று துறையில் சொல்லப்படும் இதை வணிக நிறுவனங்கள் தத்தமது உள்முறைகளால் பெருமளவு சமாளித்தன, முழுதாக ஒழிக்கவில்லை. யூர்கன் ரீகல் தொடங்கி 2002-ல் வெளிவந்த ஃப்ரீகேட், பிரான்ஸின் மாத்ரா டேட்டாவிஷன் 1999-ல் இலவசமாகத் திறந்துவிட்ட ஓப்பன் கேஸ்கேட் கர்னலின் மேல் கட்டப்பட்டது. அது காசில்லாமல் கிடைத்ததால் எத்தனையோ மாணவர்களுக்கு முதல் கருவியாயிற்று. அதே ஃப்ரீகேடில் இந்தச் சிக்கல் இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரையும் அழவைத்தது. ரியல்தண்டர் என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு நிரலாளர், முகம் எந்தக் கோட்டிலிருந்து எந்த நடவடிக்கையால் பிறந்தது என்ற வம்சாவளியையே அதன் பெயராக வைக்கும் முறையைத் தனிக் கிளையில் பல ஆண்டுகள் எழுதிவந்தார். அதைத் தாய் மென்பொருளில் இணைக்கும் வேலை முடிந்த பிறகுதான், 2024 நவம்பரில், ஃப்ரீகேட் தன் பதிப்பு எண்ணை 1.0 என்று அறிவித்தது.

அந்தப் பதிப்பிலும் சிக்கல் குறைந்திருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. ஆகவே பழைய கைகள் சொல்லித் தரும் இரண்டு வழக்கங்கள் இன்னும் செல்லுபடியாகும். புதிய ஸ்கெட்சை மாறக்கூடிய முகத்தில் ஒட்டாமல், எப்போதும் மாறாத ஆதித்தளங்களில் ஒட்டுங்கள். உயரத்தை எண்ணாகக் கொடுங்கள். ஃபில்லெட்டை வரிசையின் கடைசியில் வையுங்கள். ஏனென்றால் ஒரு விளிம்பை மழுக்கியதும் அந்த விளிம்பு மறைந்து புதிய முகமும் புதிய விளிம்புகளும் பிறக்கின்றன. மறைந்துபோன விளிம்பின் மேல் எதையும் கட்ட முடியாது.

பலகை, துளை, உருளை என்று இதுவரை பார்த்தவை எல்லாம் நேர்கோட்டாலும் வட்டத்தாலும் ஆனவை. கார் பேனட்டில் நேர்கோடு ஒன்றுகூட இல்லை. அதை எண்ணால் சொல்ல, 1959-லேயே சித்ரோவன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்ற இளைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார்; கம்பெனி அதை வெளியே சொல்லாமல் பூட்டி வைத்தது. போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியேர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)